முளைச் சக்கரமும் முதல் சுற்றும்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான் வீட்டிலேயே ஒரு காரையும் கட்டிப் பார்த்திருந்தால் மற்ற இரண்டைப் பற்றி வாயே திறந்திருக்கமாட்டான். கண்ணாடிக்கடைக்காரர் மூன்றையும் பார்த்தவர். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் தொழில். கடையைப் பூட்டியதும் நேரே வீட்டையொட்டிய தகரக் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார். வெறும் இரும்புக் குழாய்களாகக் கிடந்தது அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையில்லாத, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக உருவெடுத்தது.

தெருவில் அவருக்குப் பெயர் அரைநூல். அலமாரிக் கதவு அரைநூல், அதாவது ஒரு அரிசி கனம், ஏறியிருக்கிறது என்று தச்சரை ஓட ஓட விரட்டியவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அந்த மனிதரோடு குடும்பம் நடத்திய அவர் மனைவிக்குத்தான் பட்டம் கொடுத்திருக்க வேண்டும். அவள் தையல்காரி. காரின் இரண்டு சீட்டுக்கும் உறை தைத்தவள் அவள்தான். சக்கரத்தைத் தூக்கி வைத்து முடுக்கும்போது அது சுழலாமல் இருக்க யாராவது உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். அந்த உத்தியோகமும் அவளுடையதே. அவர் "மிதி" என்றால் மிதிப்பாள், "விடு" என்றால் விடுவாள். தன் பேச்சை அவள் மறுபேச்சில்லாமல் கேட்பது அந்த ஒரு இடத்தில்தான் என்று அவர் சீண்டுவார். அடுத்த தடவை பிரேக்குக்குப் பதில் உங்கள் காலை மிதிக்கிறேன் என்பாள் அவள்.

கார் என்றைக்கோ தயாராகிவிட்டது. அதுதான் வயிற்றெரிச்சல். எஞ்சின் ஓடியது, விளக்கு எரிந்தது, சோதனை முடிந்து நம்பரும் கிடைத்தது. பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய சாதாரணச் சக்கரங்கள், ஆளுக்கு நாலு நட்டோடு, ஒரு குறையும் சொல்லாமல் அதைத் தாங்கி நின்றன. காற்றில் முடி பறக்காமல் இருக்க அவள் மஞ்சளில் ஒரு தலைத்துணிகூடத் தைத்து வைத்துவிட்டாள்.

"ஏங்க, ஒரு சுத்து போய்ட்டு வந்துடலாமே. மொத சுத்து என்னோடன்னு சொல்லியிருக்கீங்க."

"முளைச் சக்கரம் வரட்டும்," என்றார் அவர்.

உதிரிபாகம் விற்பவர்கள் அதை 'பின் டிரைவ்' என்பார்கள், பின் என்றால் முளை. அச்சின் முகத்தில் வட்டமாகச் சில முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். சக்கரத்தின் முதுகிலுள்ள துளைகள் அவற்றின் மேல் போய் உட்காரும். நடுவே காதுபோல இறக்கை வைத்த ஒரே ஒரு பெரிய நட்டு. செம்புச் சுத்தியலால் அதன் காதில் நாலு தட்டு தட்டினால் முடிந்தது. சுற்றுகிற பாரம் முளைகளுக்கு, கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் வேலை நட்டுக்கு. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதைவிட வேறு எது?

முதலில் வந்த சக்கரங்களின் துளைகள் முளைகளில் லேசாக ஆடின. திருப்பி அனுப்பினார். அடுத்த தடவை வந்த நட்டுகளில் திருகு மரை எல்லாமே ஒரே பக்கம் சுற்றியது. இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட ஓட ஒரு பக்கம் கழன்றுகொள்ளும். பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதுவும் திரும்பிப் போனது. அலை எப்ப ஓயறது, தலை எப்ப முழுகறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அதே சமயத்தில்தான் அவள் ஒரு வாடிக்கையாளரின் ரவிக்கைக்கு இரண்டு கையும் இடது கையாகவே வெட்டித் தைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ரவிக்கை வெட்டுகிறவள். நட்டில் அந்தத் தப்பைச் சட்டென்று பிடித்த மனிதர் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார், தூக்கக் கலக்கம் என்றார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு உப்பை இரண்டு தடவை போட்டாள், அடுப்பை அணைக்க மறந்தாள், தன் தெருவிலேயே வழி கேட்டாள். மகள் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனபோது, இது மறதி நோய், போனது இனி திரும்பாது, மீதியும் மெதுவாகப் போய்க்கொண்டேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ஒருநாள் காலையில் காபி கொண்டுபோன கணவரைப் பார்த்து, "வெச்சிட்டுப் போங்க அண்ணே," என்றாள். கட்டினவள் வாயால் அண்ணே. அவர் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்க எஞ்சினை ஓடவிட்டு அழுதார்.

அப்புறம்தான் சக்கரங்கள் சரியாக வந்து சேர்ந்தன. துளை கச்சிதம், மரையும் அந்தந்தப் பக்கத்துக்குப் பொருத்தம். அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம். இன்னும் கொஞ்சநஞ்சம் ஞாபகம் அவளுக்குள் இருக்கும்போதே அந்த முதல் சுற்றைப் போய்வந்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளைக் கைப்பிடித்து அழைத்துவந்து டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். காரை ஜாக்கியில் ஏற்றிப் பழைய சக்கரங்களைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, அச்சுகளில் முளைத்தட்டுகளைப் பொருத்தினார். புதிய சக்கரத்தைத் தூக்கி முளைகளில் ஏற்றினார். "மிதி" என்றார்.

அவள் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்தது. அழுத்தமாக, பழைய மாதிரியே. அவர் சுத்தியலால் தட்டினார். "விடு" என்றார். விட்டாள். நாலு சக்கரத்துக்கும் அப்படியே. கடைசிச் சக்கரத்துக்கு வரும்போது, கால் மறக்கவில்லையே, மனசு மட்டும் மறந்துவிடுமா என்று அவருக்கு ஒரு நப்பாசை. ஜாக்கியை இறக்கினார், கை கழுவினார், சட்டை மாற்றினார். மஞ்சள் தலைத்துணியைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

அவள் அதன் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தாள். "இது நான் தெச்சது," என்றாள்.

அவர் சட்டென்று அவள் பக்கம் குனிந்தார். "ஆமா, நீதான் தெச்ச. கட்டிக்கோ. பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துக்கோ, ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

அவள் துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, மனசு நோகாமல் மறுக்கிறவளைப் போலச் சிரித்தாள். "தப்பா நெனைக்காதீங்க அண்ணே. இந்த மாதிரி வண்டி எங்க வீட்டுக்காரரும் செய்றாரு. மொத சுத்து என்னோடன்னு சொல்லியிருக்காரு. நான் வேற யாரோடயாவது போனா அவரு மனசு கஷ்டப்படும்."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "எப்ப முடிப்பாராம்?" என்று கேட்டார்.

"சக்கரம் வரணுமாம்."

"வந்துடுச்சும்மா."

"உங்களுக்கு அவரத் தெரியாது," என்றாள் அவள். அந்தக் குரலில் பழைய கேலி அப்படியே இருந்தது. "வந்தாலும் திருப்பி அனுப்பிடுவாரு." பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த பழைய சக்கரங்களைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் குனிந்தாள். "நீங்க வண்டி வேலை தெரிஞ்சவரு. நீங்க சொன்னா கேப்பாரு. அவரப் பாத்தீங்கன்னா, எனக்குப் பழைய சக்கரமே போதும்னு சொல்றீங்களா?"

"சொல்றேன்மா," என்றார் அவர்.