ஈரக் காவித் தடம்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டு வாசலில் மாக்கோலம் உண்டு. காவி மண்ணைத் தண்ணீரில் கரைத்து அதைச் சுற்றிச் சிவப்பாகக் கரை கட்டுவேன். ஸ்ரீரங்கத்துக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து இதுதான் வழக்கம். காவி காய்கிற வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது. மிதிப்பதற்கென்றே வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருஷமாகச் சர்க்கரை. தினமும் கோயிலுக்குப் போவார், அதுவும் வீட்டிலிருந்தே வெறுங்காலோடு. கோபுர வாசலில் செருப்பை விட்டால் யாராவது மாட்டிக்கொண்டு போய்விடுவார்களாம். செருப்பு வீட்டில் புதுக் கருக்கு மாறாமல் கிடக்கும். கால்தான் தெருவில் கிடந்து தேயும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் கோயிலிலிருந்து வந்ததும் கூடத்தில் சிவப்பாகக் கால் தடம்.

"ஈரக் காவிய மிதிச்சுட்டு உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்று கத்தினேன்.

"நான் ஓரமாத்தானே வந்தேன்," என்றார்.

முணுமுணுத்துக்கொண்டே துடைத்தேன். மறுநாள் வாசலில் காவி இல்லை, வெறும் பொடிக்கோலம்தான். கூடத்தில் மறுபடியும் அதே தடம். அப்போதுதான் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே கண்ணாடிச் சில்லு ஒன்று ஏறியிருந்தது. சுற்றிலும் தோல் ஊறி வெளுத்திருந்தது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "என்ன பாக்குற?" என்றார்.

சில்லை எடுத்தும் புண் ஆறவில்லை. வளர்ந்தது. தென்னூரில் கால் புண்ணுக்கென்றே இருக்கிற ஒரு கிளினிக்குக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் நரம்பால் பாதத்தில் அங்கங்கே தொட்டுக் கேட்டார்.

"தெரியுதாங்க?"

"தெரியுது."

தொடாதபோதும் கேட்டார். அதற்கும் "தெரியுது" என்றார். மனுஷருக்கு டாக்டரை வருத்தப்பட விடக் கூடாது என்று எண்ணம். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எலும்பு வரைக்கும் போயிட்டா விரல எடுக்க வேண்டியிருக்கும். சில பேருக்கு அதோட நிக்காது," என்றார். "டிரெஸ்ஸிங், மருந்தோட, புண் ஆற உதவுற சிவப்பு லைட்டும் வெச்சுப் பாக்கலாம். லைட்டே ஆத்திடும்னு நெனச்சுடாதீங்க. சுகர் கட்டுக்குள்ள இருக்கணும், கால ஊனக் கூடாது."

விரலை எடுப்பது என்றதும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. இட்லிக்கு அரிசி ஊறப்போடவில்லையே என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் தென்னூருக்கும் ஸ்ரீரங்கத்துக்குமாக ஆட்டோ. நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து, எங்கள் இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, விளக்கைப் பாதத்துக்கு மேலே இறக்குவாள். சிவப்பு வெளிச்சம். சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

"இத விடப் பெரிய வெளிச்சமெல்லாம் பட்டறையில நாங்க பாத்தாச்சும்மா," என்பார் நர்ஸிடம். அவளும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பாள். நல்ல பெண். எனக்குச் சிரிப்பும் வராது, எரிச்சலும் வராது. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் காவி டப்பாவை மேல் தட்டில் பின்னால் தள்ளிவிட்டிருந்தேன்.

சொந்தக்காரர்கள் போன் செய்து, "தைரியமா இருக்கியே," என்றார்கள். அது தைரியமில்லை. உப்புப் போட்டேனா என்று தெரியாமல் சமைத்து, ருசி தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குக் காலில் இருந்த மரமரப்பு எனக்கு உடம்பு முழுக்க இருந்தது.

புண் மெல்ல மெல்லச் சுருங்கியது. லைட்டா, மருந்தா, நான் ஒளித்து வைத்த சர்க்கரை டப்பாவா, எது ஆற்றியது என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை. கடைசியில் மூடிவிட்டது. "விரல் தப்பிச்சுது. இனிமே வீட்டுக்குள்ளயும் செருப்பு போட்டுத்தான் நடக்கணும்," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பாவை இறக்கிக் காவி கரைத்தேன். கரை கட்டிவிட்டு உள்ளே போய்ப் பால் வைத்துத் திரும்பினால், கூடத்தில் சிவப்பாகத் தடம்.

தரையில் உட்கார்ந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். ஈர மண் வாசனை. நாற்காலியில் அவர் தப்புச் செய்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நாள் கழிச்சுக் காவி போட்டியே, பாக்கலாம்னு போனேன். செருப்போட கோலத்துக்கிட்ட எப்படிப் போறது?"

நான் திட்டவில்லை. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, காலை மடியில் எடுத்து வைத்துக் கழுவினேன். காவி கரைந்து போனதும் கீழே புதுத் தோல் தெரிந்தது. வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. புண் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன்.

"தெரியுதாங்க?"

இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. "இல்ல," என்றார். "ஒண்ணும் தெரியல."

எனக்குத் தெரிந்தது. கால் வெதுவெதுவென்று இருந்தது. புடவை நனைய அதைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு நாள் வராத அழுகையை அழுதேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை.