மூக்குத்தி மாறிய படம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழைய ஷெட் இப்போது அருங்காட்சியகம். இதே ஷெட்டில் மரத்தில் படம் செதுக்கி அச்செடுத்து வாழ்ந்து மறைந்த ஓவியருக்காக இன்று ஊரையே கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் அவருடைய உளிகளைப் பார்க்கிறார்கள். எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தும் மல்லிகா அக்கா மட்டும் தன் முகம் உள்ள படத்தின் முன் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

“பாரு சார், எனக்கு மூக்குத்தி வலது பக்கம். இதுல இடது பக்கம் கீது. டெய்லி என் கடைல துன்ன மனுஷன்!”

“அச்செடுத்தா பக்கம் மாறிடும், அக்கா,” என்கிறார் சுற்றிக் காட்டும் அருங்காட்சியக ஊழியர்.

“அவரும் அதான் சொன்னாரு. மரத்துல பாரு, சரியா கீதுன்னாரு. ஊட்ல மரத்தையா மாட்டுவாங்க? கடைசி வரிக்கும் அவராண்ட பேசல. சாம்பாரு ஊத்துவேன், அவ்ளோதான்.”

ஆனாலும் படத்தோடு ஒரு செல்ஃபி வேண்டுமாம். போனைத் தூக்கியவர் அப்படியே நிற்கிறார். கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும் திரையில், படத்தின் மூக்குத்தி வலது பக்கம் வந்துவிட்டது. அக்காவுடையதுதான் இடது பக்கம் போயிருக்கிறது.

சிரித்துவிட்டு, சுவரில் மாலை போட்டிருக்கும் ஓவியரின் போட்டோவைப் பார்க்கிறார்.

“சரி நைனா, பேசிட்டேன். போதுமா?”