நீலக் கரைப் புடவை

ஊரார் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி சண்டையில தலையைக் குடுக்கிறதுதான் எங்க வேலை. சம்பளம் கிடையாது, திட்டு தாராளமா உண்டு. நீங்களும் எங்கயாவது சமாதானம் பேசப் போய் வாங்கிக் கட்டிக்கிட்டவங்கன்னா உங்களுக்கே புரியும். எங்க பங்குக் கோயில் மாதர் சங்கம், சாமி எதுன்னு பாக்காம எந்த வீட்டுப் படியும் ஏறும்.

கரையில ஒரு கத்தல்

நெல்லித்தோப்புல அம்மா வீட்டுக்கு வந்திருந்த ரேவதி நிறைமாசம். புருஷன் குமார் வைத்திக்குப்பத்துல மீன் பிடிக்கிறவன். கடலுக்குப் போயிட்டு, வளைகாப்பு முடிஞ்ச பிறகு வந்து நின்னிருக்கான். அவன் மாமியார், அதான் ரேவதியோட அம்மா, நாலு பேர் முன்னால திட்டிட்டாங்க. அதோட அவன் அந்தப் பக்கம் வரவே இல்ல. "பிள்ளை பொறக்கறதுக்குள்ள வரலன்னா, அப்புறம் அவரு வரவே வேணாம்"னுட்டா ரேவதி.

நேரா கரைக்குப் போனேன். வலையைப் பிரிச்சிட்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பாக்கல. கரடியா கத்தினேன். கடைசியா சொன்னான்: "அந்த வீட்டுல சாவு விழுந்தாத்தான் நான் படி மிதிப்பேன். மீன் வேணும்னா வாங்கிட்டுப் போங்கக்கா."

ஆறு பேரும் ஒரே புடவையும்

சமாதானம் பேச ஒரு வீட்டுக்குப் போனா ரெண்டு பேரா, சாதாப் புடவையில போறதுதான் எங்க வழக்கம். வெள்ளையில நீலக் கரை போட்ட சங்கப் புடவை, திருவிழாவுக்கும் துக்க வீட்டுல ஜெபமாலை சொல்றதுக்கும்தான். அன்னிக்கு ஒரு அடக்கம் முடிச்சுத் திரும்பினோம். எங்க தலைவி மர்கெரித் மதாம், "வழியிலதானே, ரேவதியை ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்"னாங்க. ஆறு பேரும் அதே புடவையோட சந்துல நுழைஞ்சோம்.

ரேவதி பின்னால குளிச்சிட்டிருந்தா. நாங்க வாசல்ல நின்னோம். எதிர்வீட்டுல டிவி சத்தம் நின்னுது. யாரோ பிளாஸ்டிக் சேரை வரிசையா போட ஆரம்பிச்சாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. எதிர்வீட்டுக்காரர் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: "நிறைமாசப் பொண்ணாச்சேக்கா... ஃப்ரீசர் பாக்ஸுக்கு நான் சொல்லிடட்டுமா?"

படி மிதிச்சவன்

நாங்க பதறி, இல்லைங்க இல்லைங்கன்னு சொல்றதுக்குள்ள யாரோ வைத்திக்குப்பத்துக்குப் போன் போட்டுட்டாங்க. கொஞ்ச நேரத்துல, பைக்கைத் தெருவுலயே போட்டுட்டு ஓடி வந்தான் குமார். ஈரக் கைலி, கையெல்லாம் மீன் செதில். எங்க புடவையைப் பாத்ததும் அப்படியே படியில உக்காந்துட்டான். "எந்த வாயால சொன்னேனோ, அந்த வாய் அழுவிப் போவ"ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். எனக்கும் தாங்கல, நானும் அழுதுட்டேன்.

சத்தம் கேட்டு ரேவதி வெளிய வந்தா, ஈரத் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு. அவன் அவ கையைப் புடிச்சுப் புடிச்சுப் பாத்தான். மாமியார் சொம்புல தண்ணி கொண்டாந்து அவன்கிட்ட குடுத்தாங்க. ரேவதி மட்டும் கேட்டா: "ஏன், நான் செத்தாத்தான் வருவியா?"

கோரிமேட்டு வராந்தா

மறுநாளே வலி எடுத்துடுச்சு. கோரிமேடு பெரியாஸ்பத்திரிக்கு அவன்தான் தாங்கிக் கூட்டிட்டுப் போனான். பொண்ணு பொறந்திருக்குன்னு சேதி வந்ததும், எனக்குச் சந்தோஷத்துல செருப்பு மாட்டக்கூடத் தோணல. எல்லாரும் பஸ்ஸைப் புடிச்சு ஓடினோம்.

பிள்ளையைத் துணியில சுத்திக் கையில வெச்சிட்டு நின்னான். பக்கத்துல மாமியார், சிரிச்ச முகமா. மர்கெரித் மதாம் கையை நீட்டினாங்க. அவன் எங்க ஆறு பேரையும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டு, அப்புறம்தான் பிள்ளையைக் குடுத்தான்: "பேர் வைக்கிற அன்னிக்கும் இதே மாதிரி பூப்போட்ட புடவையிலயே வாங்க மதாம்."

குடும்பத்தைச் சேத்து வைக்க நாங்க படிச்ச பயிற்சி வகுப்பு ஒண்ணுத்துலயும், எந்தப் புடவை கட்டிக்கிட்டுப் போவணும்னு மட்டும் சொல்லியே குடுக்கல.