தூரத்து மலைக்கு ஒரு லென்ஸ்

இரண்டாவது லென்ஸையும் திருப்பிக் கொண்டுவந்து கண்ணாடி மேசைமேல் வைத்தபோது, கடைக்காரரின் முகத்தைப் பார்க்க போட்டோகிராபர் ஆணிக்குத் துணிவில்லை. "இதுவும் சரியில்லப்பா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"என்னண்ணே சரியில்ல? முதல்ல குடுத்தது கனம்னீங்க, ஓரம் மங்குதுன்னீங்க. இது அதுல பாதி கனம்கூட இல்ல. இதுல என்ன குத்தம் கண்டீங்க?"

"மலை மழுங்கிப் போயிருது."

"மழுங்குறதுக்கு மலை என்ன கத்தியா?" என்று கடைக்காரர் சிரித்தார். வீடு பார்க்கப் போகிறவனும் லென்ஸ் பார்க்க வருகிறவனும் ஒரே சாதி, எதைக் காட்டினாலும் ஏதாவது நொட்டை சொல்லாமல் போகமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். ஆனால் ஆணி அந்தச் சாதி இல்லை. ஒரு காமிராவை வைத்துக்கொண்டே பல காலம் ஓட்டியவர். அதனால் கடைக்காரருக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது.

ஆணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கல்யாணக் கூடங்களில் விளக்கு போதாத மூலையில், மற்றவர்கள் பிளாஷைத் தேடித் தடுமாறும்போது, இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்ததுபோல் நிற்பார். படம் துளி அசைந்திருக்காது. கூட வேலை பார்த்தவர்கள் கேலியாக வைத்த பெயர் நாளாவட்டத்தில் மரியாதையாகிவிட்டது. மனைவியைத் தவிர எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அவர் 'என்னங்க'தான்.

இப்போது ஸ்டுடியோ இல்லை. ஆளுக்கொரு போன் வந்தபிறகு அதை இழுத்து மூடிவிட்டார். கல்யாண வேலைகளும் ஒவ்வொன்றாக இளவட்டங்களிடம் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரே வேலை. ஓர் அச்சகம் வருடாவருடம் போடும் காலண்டருக்கு மலை, ஏரி, மேகம் என்று மாதத்துக்கு ஒரு படம். அதிலும் போன வருடம் நாலு படம் தெளிவில்லாமல் வந்துவிட்டது. அச்சக முதலாளி பழகிய பழக்கத்துக்காக அப்படியே அச்சடித்துவிட்டு வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த வருடம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, எல்லாரும் இப்ப தூரத்து மலையத்தான் கேக்கறாங்க. அடுக்கடுக்கா, கிட்ட வந்து நிக்கிற மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு படம் காட்டுங்க. சுவர் அளவுக்குப் பெருசாக்கினாலும் உடையக் கூடாது. இல்லேன்னா தப்பா நெனச்சுக்காதீங்க, நான் வேற ஆளப் பாக்கணும்."

அந்த வேலையும் போனால் அவர் யார்? வீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கும் ஒரு கிழவர். பழைய லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதுதான் போன வருடம் காலை வாரிவிட்டது என்று அவர் திடமாக நம்பினார். நல்ல லென்ஸாக ஒன்று அமைந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு நீளப் பெட்டியோடு வந்தார். "இதான் கடைசி. நூறு–நானூறு மில்லிமீட்டர். முதல்ல எடுத்துட்டுப் போனீங்களே அந்தக் குண்டு லென்ஸு, அது இருட்டுல ஓடியாடறவங்களப் பிடிக்கத்தான் லாயக்கு. மலை எங்க ஓடப்போகுது? நீங்க துவாரத்தைச் சுருக்கி எட்டுலயோ பதினொண்ணுலயோ வெச்சுத்தான எடுப்பீங்க, அவ்வளவு பெரிய கண்ணாடிய எதுக்கு வீணா சுமக்கணும்? ரெண்டாவது இருநூறோட நின்னுடும், தூரத்து மலைக்கு எட்டாது. இது எட்டும். கழுத்துல பட்டை இருக்கு பாருங்க, ஸ்டாண்டுல லென்ஸையே மாட்டிடலாம், முன்னால தொங்காது. உள்ள ஆட்டத்தைத் தாங்குற மோட்டாரும் இருக்கு. ஸ்டாண்டுல வெக்கும்போது மட்டும் அதை அணைச்சுடுங்க."

ஆணி லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாருக்கோ கேட்பதுபோல, "கையில வெச்சு எடுத்தா அந்த மோட்டாரு எவ்வளவு ஆட்டம் தாங்கும்? வயசானவங்க கை... கொஞ்சம் நடுங்குதுன்னு வெச்சுக்க" என்றார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே அந்தக் கவலை? ஆணிக்கே ஆணி அடிக்கவா?"

இருவரும் சிரித்தார்கள். ஆணியின் இடது கை பேண்ட் பைக்குள்ளே இருந்தது.

அந்தக் கை ஒரு வருடத்துக்கு மேலாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பொத்தான் வைத்த சட்டைகளை விட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டுகிற பனியன் சட்டைக்கு மாறினார். முதுகுவலி என்று சொல்லி ஸ்கூட்டரை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். கல்யாண வேலை கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரையும் ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மலைப் படத்தைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலையே இல்லை. கை ஆடினால் ஆடட்டும், ஸ்டாண்டு ஆடாதே.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாததுமாக மனைவி அவரை மலைப்பாதையின் வளைவுக்குக் கூட்டிப்போனாள். வெயில் ஏறினால் தரையிலிருந்து கிளம்பும் அனல் தூரத்தையெல்லாம் நெளிய வைத்துவிடும். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் அதற்கு மருந்து கிடையாது. அவர் ஸ்டாண்டை விரித்து, அதன் கால்களை ஊன்றி, லென்ஸைக் கழுத்துப் பட்டையில் மாட்டினார். மோட்டாரை அணைத்தார். காமிராவைத் தொடாமல் அமுக்குவதற்கான ஒயரை வலது கையில் பிடித்துக்கொண்டார். இடது உள்ளங்கையை லென்ஸின் முதுகில் மெதுவாக வைத்தார். பிலிம் காலத்துப் பழக்கம் அது. காற்றிலும் காமிராவின் உள் அதிர்விலும் நீள லென்ஸ் துடிக்கும், ஒரு கையை மேலே வைத்தால் அடங்கிவிடும். அவரைக் கேட்டால் தொழிலின் பாதியே அதில்தான் இருக்கிறது என்பார்.

அமுக்கினார். திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். மலை மழுங்கியிருந்தது.

மறுபடி அமுக்கினார், மறுபடி மழுக்கல். குவியத்தைச் சரிபார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஸ்டாண்டின் திருகுகளை இறுக்கினார். கையை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு எடுத்தார். அது முன்னதைவிட மோசமாக வந்தது. "நாசமாப் போற கண்ணாடி" என்று சாலையோரத் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்தார். நாளைக்கு வெறுங்கையோடு போய் அந்த முதலாளியின் முன்னால் எப்படி நிற்பது?

"மூணு லென்ஸுமா கெட்டுப்போயிருக்கும்?" என்று மனைவி கேட்டாள்.

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு."

அவள் பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்போது மேகம் விலகி, கடைசி வரிசை மலையின் விளிம்பில் வெளிச்சம் விழுந்தது. "என்னங்க, வெளிச்சம் வருது. நான் அமுக்கவா?"

"எக்கேடோ கெட்டுப்போ. அமுக்கு."

அவள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய், எதையும் தொடாமல், ஒயரை மட்டும் அமுக்கினாள். திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவருக்கு இடம் விட்டு நகர்ந்தாள். அவர் எழுந்து வந்து பார்த்தார். கடைசி மலையின் முதுகில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாக நின்றது.

தூரத்தை இழுக்கிற லென்ஸ் மலையை மட்டும் இழுக்காது, ஆட்டத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். எத்தனையோ பயல்களுக்கு அவரே சொல்லிக் கொடுத்தது அது. லென்ஸை அடக்க அவர் வைத்த கைதான் லென்ஸை ஆட்டிக்கொண்டிருந்தது. பழைய லென்ஸில் பூஞ்சையும் இல்லை, கடைக்காரர் கொடுத்த மூன்றில் எதிலும் குறையும் இல்லை. கண்ணாடி கெட்டிருந்தால் வேறு கண்ணாடி மாற்றிக்கொள்ளலாம். அவர் நடுரோட்டில் குழந்தைபோல அழுதார்.

"எனக்கு முன்னயே தெரியும்ங்க" என்றாள் மனைவி. "தூங்கும்போது மட்டுந்தான் அந்தக் கை சும்மா இருக்கு."

"ஏன்டி சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்." அவள் குரலும் உடைந்திருந்தது. "அழுகைய அப்புறம் வெச்சுக்கலாம். வெளிச்சம் போயிரும், வாங்க."

அவர் இடது கையைப் பைக்குள் திணித்துக்கொண்டார். லென்ஸின் மேல் கை இல்லாமல் நிற்பது துணி இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது. காமிராவைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, அடிவாரத்துப் புகையை உள்ளே கொண்டுவந்தார். அடுத்த மேகத்தின் நிழல் நடு மலைமேல் வரும்வரை காத்திருந்தார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். அவருடைய வாழ்நாளிலேயே நல்ல படங்களில் அது ஒன்று. அவருக்கே அது தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் மேசை அகலத்துக்குப் போட்ட பிரதியை முதலாளி உருப்பெருக்கிக் கண்ணாடியால் மூலைக்கு மூலை மேய்ந்தார். "அடேயப்பா! எங்கண்ணே இருந்தீங்க இத்தனை நாளா? காலண்டர் மொத்தமும் உங்களுக்குத்தான். பேச்சே கிடையாது" என்றார். கூட வந்திருந்த ஆணியின் மனைவி கண்ணை மூடித் திறந்தாள். ஆணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இன்னொண்ணு, எம்பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். அதுக்கும் நீங்கதான். இந்த ஸ்டாண்டு கீண்டெல்லாம் வேணாம், முன்ன எடுப்பீங்களே, கையிலயே. அன்னிக்கு வேற வேலை எதுவும் ஒத்துக்காதீங்க."

வேலை இருக்கிறது, ஊரில் இல்லை, முதுகுவலி என்று சாக்குகள் வரிசையாக நாக்கு நுனிவரை வந்தன. ஒளித்து ஒளித்து அவருக்கு அலுத்துப்போயிருந்தது. தன்னைப் பாராட்டிய மனிதனிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. பையிலிருந்து இடது கையை எடுத்துப் பிரதியின் ஓரத்தில் வைத்தார். காகிதம் சலசலத்தது. அது நிற்கவே இல்லை.

முதலாளி கையைப் பார்த்தார். "எப்பலேர்ந்துண்ணே?"

"ஒரு வருஷமா."

"டாக்டர்கிட்ட?"

"போகல. அதுக்கு ஒரு பேரு வெச்சிருவாங்களேன்னு பயந்துக்கிட்டு."

"அச்சச்சோ" என்றார் முதலாளி. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஆணியை உட்காரச் சொன்னார். கல்யாணப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து உருப்பெருக்கியைத் திரும்பக் கையிலெடுத்து, கடைசி மலையின்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து ஆணியின் மனைவியைப் பார்த்தார்.

"அப்ப இதை எடுத்தது... அண்ணியா?"

"அவருதான்" என்றாள் அவள் வெடுக்கென்று.

"நான்தான் எடுத்தேன்." சாதாரணமாகச் சொல்லத்தான் ஆணி நினைத்தார். கெஞ்சுவதுபோல் வந்துவிட்டது. "ஸ்டாண்டுல வெச்சு எடுத்தேன். லென்ஸ் மேல கை வெக்கல. கை வெக்காம இருந்தா ஒண்ணும் ஆகாது. புகைய உள்ள கொண்டுவந்தது, அந்த நிழலு, எல்லாம் நான்தான்."

"சரிண்ணே, சரிண்ணே. நீங்கதான்" என்றார் முதலாளி, காய்ச்சல்காரனிடம் பேசுகிற மாதிரி. பிரதியைப் பதமாகச் சுருட்டி ரப்பர் போட்டார். வேலை கையைவிட்டுப் போகவில்லை. வாக்கு மாறுகிற மனிதர் இல்லை அவர்.

"மீதிப் படமெல்லாம் எப்ப கொண்டு வருவீங்க அண்ணி?" என்று கேட்டார்.

அவள் கணவரைப் பார்த்தாள். முதலாளி அவர் பக்கம் திரும்பாமல், அவள் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.