பரிமாறுகிறவர்

"கொஞ்சம் நவுந்துக்க மாமா" என்றபடி இரண்டு இலைகளுக்கு நடுவில் குனிகிறார் செந்தமிழ்செல்வன். கையில் சாம்பார் வாளி. அவர் பெண் வீட்டுக்காரரும் இல்லை, சமையல்காரரின் ஆளும் இல்லை. சிதம்பரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். யார் கல்யாணமானாலும் மண்டபத்துக்குள் நுழைந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். கடைசிப் பந்தியில்தான் சாப்பாடு. அதற்குள் பசி பாதி அடங்கியிருக்கும். பாயசத்தை நக்கிப் பார்ப்பதோடு சரி.

பத்து வயதில் வந்த பழக்கம். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளையில் படிக்கும்போது பள்ளிப் பிள்ளைகள் அவரை 'இட்லி குண்டான்' என்று கூப்பிட்டார்கள். உடல் பருமனான பிள்ளைகளுக்கான ஒரு திட்டத்தில் அம்மா சேர்த்துவிட்டார். வாரம் ஒருமுறை எடை, சாயங்காலம் அம்மாவோடு நடை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே பத்தியச் சமையல். பந்தியில் உட்கார்ந்தால் மட்டும் அவரை எழுப்ப முடியவில்லை. முதலில் பரிமாறட்டும், அப்புறம் சாப்பிடட்டும் என்றார் அந்தத் திட்டத்தை நடத்திய ஜான்சி நர்ஸ். எடை இறங்கியது. புதிதாக வரும் தாய்மார்களுக்கு அவரைத்தான் காட்டினார்கள்.

கடையில் உட்கார ஆரம்பித்ததும் இறங்கிய எடையில் பாதி திரும்பி வந்துவிட்டது. "வைத்தியம் எனக்கு. எளச்சது எங்கம்மா" என்பார் சிரித்துக்கொண்டே. சர்க்கரை இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அதில் அவருக்குத் திருப்திதான். ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளை மறுபடி எடை பார்க்க ஜான்சி கூப்பிட்டபோது, ஒரு மாதமாகப் போனை எடுக்கவில்லை. ஊருக்கே காட்டிய பிள்ளை இந்த உடம்போடு எப்படிப் போய் நிற்பது?

போன ஞாயிறு இரண்டாம் பந்தியில், நரைத்த தலையோடு ஜான்சியே உட்கார்ந்திருந்தார். வாளியோடு அவர் இலைக்கு எதிரே வந்த பிறகுதான் செல்வன் கவனித்தார்.

"ஊரு போனெல்லாம் ரிப்பேர் பண்ற. ஒம் போனே ரிப்பேரா?"

"வெயிட்டு திரும்பிடிச்சி சிஸ்டர். நான் வந்தா ஒங்களுக்குத்தான் கெட்ட பேரு."

"எளச்சவுங்க மட்டும் வந்து நின்னா எங்களுக்கு என்னடா தெரியும்? எது நிலைச்சுது, எது நிலைக்கலன்னு பாக்கத்தான கூப்புடறேன்." வாளியைக் கண்ணால் காட்டினார். "இது நிலைச்சிருக்குதே."

செல்வன் சாம்பாரை ஊற்றி, அந்த வரிசையை முடித்தார். சமையல்கட்டில் காய்கறி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, பூசணிக்காய்களுக்குப் பக்கத்தில் கிடந்தது. வாளியை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். எண் நின்றதும் குனிந்து, கால்விரல்களும் தெரியும்படி படம் எடுத்து, ஜான்சிக்கு அனுப்பினார். பிறகு வாளியை நிரப்பிக்கொண்டு மூன்றாம் பந்திக்குப் போனார்.