காதுப்படி வரிசை

“பஃபிங், முந்நூற்றுப் பன்னிரண்டு” என்று ஃபீபி உரக்கச் சொல்கிறாள். ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுக்கொண்டு அச்சுப்படியைப் புரட்டுகிறாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் பஃபிங் இருக்கிறது. குரலைக் கொஞ்சம் கனமாக்கி, “ஹாஜர்” என்கிறாள். சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். அறையில் வேறு யாரும் இல்லை.

ஆம்பூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய தோல் தொழிற்சாலை. ரசாயனக் கிடங்குக்கு மேலே இருக்கும் அறையில் ‘ஆவணப் பிரிவு’ என்று பலகை தொங்குகிறது. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். பச்சைத் தோல் உள்ளே வருவதிலிருந்து பளபளப்பாக வெளியே போவதுவரை, எந்த டிரம்மில் எதை ஊற்றுவது, எந்த மெஷினில் எப்போது கை வைக்கக் கூடாது என்று சொல்லும் தடித்த தமிழ்க் கையேடு அவள் பொறுப்பு. எழுதுகிறவர்கள் வேறு. அதைப் பக்கமாக்குவதும், கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற சொல்லடைவைச் சேர்ப்பதும் அவள் வேலை.

கம்ப்யூட்டரில் மாஸ்டர் பேஜ் என்று இருப்பதை அவள் தாய்ப்பக்கம் என்பாள். மேலே துறையின் பெயர், ஓரத்தில் துறைக்கொரு நிறப் பட்டை, கீழே பக்க எண். இதெல்லாம் தாயிடம் இருக்கும். மற்ற பக்கங்கள் தாயைப் பார்த்து நிற்கும். “தாய் தல சீவினா புள்ளைங்க எல்லாம் தல சீவிக்கும்” என்பது அவள் கணக்கு. அவசரத்துக்கு ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் தனியாகத் திருத்திவிட்டால், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தாயின் பேச்சைக் கேட்காது. அதற்கு அவள் வைத்திருக்கும் பெயர் தனிக்குடித்தனம். எழுநூறு பக்கத்தில் ஒன்றுகூடத் தனிக்குடித்தனம் போகக் கூடாது என்பதில் மாமியாரைப் போல் பிடிவாதமாக இருப்பாள். ஒருமுறை இடப்பக்கத் தாயும் வலப்பக்கத் தாயும் இடம் மாறி, எண்களெல்லாம் புத்தகத் தையலுக்குள் போய் ஒளிந்துகொண்டன. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் சிரிப்பாள். அன்றைக்கு அழுதாள்.

ஹாஜர் அவள் சொல் அல்ல. அது அமீர் பாஷாவின் சொல். ஃபினிஷிங் துறையில் ஃபோர்மேனாக இருந்தவர். பெரிய உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில். முதல் பதிப்பு அச்சாகி வந்த வாரம், தடித்த புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

“இன்னாம்மா, என் டிபார்ட்மெண்ட்டே காணோம்?”

ப வரிசை முழுக்கத் தேடியிருக்கிறார். ஃபினிஷிங் இல்லை, ஃபாயில் இல்லை, ஃபிக்சிங் இல்லை. ஃபீபி பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். உயிரெழுத்துகள் முடிந்து க தொடங்கும் முன்னால், ஆய்த எழுத்தின் கீழ் அவர் துறை முழுவதும் உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் இலக்கணப்படிதான் வைத்திருந்தது. அங்கே போய்த் தேட வேண்டும் என்று தொழிற்சாலையில் யாருக்கும் தோன்றவில்லை.

தன் பெயரும் அப்படித்தான் என்று அவள் சொன்னாள். பள்ளிகொண்டா பள்ளியின் வருகைப் பதிவேட்டில் ஒரு டீச்சர் அவளைப் ப-வில் எழுதினார், பிறகு வந்தவர் ஆய்த எழுத்தில் எழுதினார், பழையதை யாரும் அடிக்கவில்லை. “ஒரு வருஷம் முழுக்க நான் ரெண்டு எடத்துல இருந்தேன் பாய். ஒரு எடத்துல ஆப்சென்ட்.”

பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். “அந்த மூணு புள்ளிய உட்டுடுங்க. காதுல இன்னா உழுதோ அங்க போடுங்க.”

அன்றிலிருந்து காதுப்படி வரிசை. ஃபினிஷிங் ப-வுக்குப் போனது. தொழிலாளர்கள் ஸ்டேக்கிங்கை இஸ்டேக்கிங் என்பதால் அது இ-யிலும் ஒருமுறை வந்தது. ஷேவிங் ச-வுக்கு வந்தது. ஒவ்வொரு பதிப்புக்கும் பாய் மதிய ஷிப்ட் முடிந்து மாடியேறி வருவார். அவள் சொல்லையும் எண்ணையும் படிப்பாள். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து ஹாஜர் என்பார். சில பக்கங்களில் ‘இந்தப் பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டுள்ளது’ என்ற வரி மட்டும் இருக்கும். அங்கே ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார். “காலின்னு எழுதிட்டா அப்புறம் இன்னா காலி?”

அவள் பெயரை மட்டும் அவர் கடைசிவரை சொன்னதில்லை. அவர் வாயில் அது பீபி என்றுதான் வரும். “வூட்ல சம்சாரம் குர்ஷித் பீபி இருக்கா. இங்கயும் ஒரு பீபின்னு கூப்ட்டா நம்பள அடிப்பாங்க” என்று சொல்லி, பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வேலை பார்க்காதவளை டீச்சரம்மா ஆக்கிவிட்டார்.

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அதைத் தயாரித்தவர்களின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். அந்தப் பட்டியலை மட்டும் ஃபீபி காதுப்படி மாற்றவில்லை. கம்ப்யூட்டர் வைத்தபடியே விட்டாள். முதலில் அமீர் பாஷா. உயிரெழுத்தில் வேறு யாரும் இல்லாததால் அடுத்தது ஃபீபி. பாய் அதைக் கவனித்தார். “நாம பக்கத்து வூடு, டீச்சரம்மா” என்றார்.

இரண்டு ரம்ஜானுக்கு முன்னால் அவர் இறந்துபோனார்.

இந்தப் பதிப்புக்குப் பொறுப்பாக வந்திருப்பவன் பிரேம்நாத். வேலூரில் படித்த இளைஞன், மரியாதையானவன், அவள் நாற்காலிக்கு எதிரே உட்காரும்முன் உட்காரலாமா என்று கேட்பவன். ராணிப்பேட்டை, நாட்றம்பள்ளி யூனிட்டுகளுக்கும் சேர்த்து இனி ஒரே கையேடு, ஒரே தாய்ப்பக்கம். சொல்லடைவைக் கம்ப்யூட்டரே வரிசைப்படுத்திக்கொள்ளும். ஒரே சொல் இரண்டு இடத்தில் வரக் கூடாது. அடுத்த பதிப்புக்கு ஐந்தாறு வருடமாவது ஆகும் என்பதால், இப்போது எப்படிப் போகிறதோ அப்படியே நிற்கும். கோப்பு நாளைக் காலை வேலூர் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

அவள் காதுப்படி வரிசையைப் பற்றிச் சொன்னாள். பிரேம்நாத் முழுவதையும் கேட்டான்.

“நல்லா இருக்கு மேடம். ஆனா ராணிப்பேட்டையில பாஷா பாய யாருக்குத் தெரியும்?”

ராணிப்பேட்டைக்காரர்களின் காதும் காதுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. தான் பிடித்துக்கொண்டிருப்பது வரிசையையா ஆளையா என்று அவளுக்கே அந்த நேரத்தில் தெரியவில்லை. படிக்கட்டில் இறங்கி ஃபினிஷிங்குக்குப் போனாள்.

ஸ்ப்ரே மெஷின் அருகே முத்துமாரி இருந்தாள். அந்த மெஷினில் நிற்கும் முதல் பெண், பாய் பழக்கிவிட்டவள். கையேட்டை எப்படிப் பார்ப்பாய் என்று ஃபீபி கேட்டாள்.

“எப்டி பாக்கறது? ப-வுக்குப் போவேன், அங்கேர்ந்து போவேன். இன்னா மேடம், புதுசுல அதையும் பேஜார் பண்ணிட்டீங்களா?”

ஃபீபி அங்கே அலமாரியிலிருந்த பழைய பிரதியை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். பிரேம்நாத்தின் முன்னால் அதை மூடியபடியே வைத்து, வெளி ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். கடைசியில் சொல்லடைவு இருக்கும் தாள்கள் ஏறக்குறைய வெள்ளையாக இருந்தன. ஒரு தாளின் ஓரம் மட்டும் காப்பிக் கொட்டை நிறத்தில் கறுத்து, எண்ணெய் ஏறிக் கொஞ்சம் தடித்திருந்தது. பிரேம்நாத் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துத் திறந்தான். ப.

தோலுக்கு அடிக்கும் சாயம் கையிலிருந்து சீக்கிரம் போகாது என்பது அவனுக்கும் தெரியும். அவன் நகக்கண்ணிலும் கொஞ்சம் இருந்தது.

“சரி மேடம். மூணு யூனிட்டுக்கும் காதுப்படியே போட்டுடலாம். ஆனா ஒண்ணு. ரூல்னா புக் முழுக்க ஒரே ரூல். அங்கங்க கையால மாத்தறது வேணாம்.”

“அத நான்தான் தம்பி எல்லாருக்கும் சொல்லுவேன்” என்றாள் ஃபீபி.

மாலைவரை இரண்டு பேரும் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லும் காதில் எப்படி விழுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தோலை மென்மையாக்கும் ஃபேட் லிக்கரை அவன் ஃபே என்று அழுத்திச் சொன்னான். முத்துமாரி எப்படிச் சொல்வாள் என்று அவள் கேட்டாள். அவன் சிரித்துவிட்டு பே என்று மாற்றினான். அவள் பாயைப் பற்றி ஓரிரண்டு கதைகள் சொன்னாள். கடைசிப் பக்கத்துப் பெயர்களின் கதையைச் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நெடுநாளைக்குப் பிறகு பள்ளிகொண்டாவரை தூங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் அறையைத் திறந்தாள். பிரேம்நாத் ராணிப்பேட்டைக்குப் போயிருந்தான். அனுப்பும்முன் கோப்பைக் கடைசியாக ஒருமுறை புரட்டினாள். நிறப் பட்டைகள் சரியாக இருந்தன. எண்கள் வெளி ஓரத்தில் இருந்தன. சொல்லடைவு சரியாக இருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். விதி அங்கேயும் வேலை செய்திருந்தது. அமீர் பாஷா, பாக்யலட்சுமி, பிரேம்நாத், ஃபீபி, வேதாசலம்.

காதுப்படி அது சரி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கீழே கிடங்கில் யாரோ பீப்பாய் உருட்டும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு அந்த ஒரு பக்கத்தை மட்டும் தாயிடமிருந்து பிரித்தாள். தன் பெயரை மவுஸால் பிடித்து மேலே இழுத்து, அமீர் பாஷாவுக்கு அடுத்து வைத்தாள். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பினாள்.