தொப்பிகளுக்குக் கீழே ஒரு வயலின்

ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவில் மாமி வீட்டுக் கதவைத் திறந்ததும் இடது பக்கம் சப்பாத்துத் தட்டு இருக்கும். அதன்மேல் நீளவாக்கில் ஒரு கறுப்பு வயலின் பெட்டி. குளிர்காலத்தில் பெட்டி கண்ணுக்குத் தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் பனி ஒட்டிய கம்பளித் தொப்பியையும் கையுறையையும் கழற்றி அதன்மேல்தான் போடுவார்கள். நனைந்து நனைந்து அதன் மூடி ஓரங்களில் வெளுத்துப்போயிருந்தது. மாமி ஒருநாளும் யாரையும் தடுத்ததில்லை. "அதிலை வையுங்கோ, காயட்டும்" என்பார். ஒரு காலத்தில் அந்தப் பெட்டியைப் பிள்ளையைத் தூக்குவது போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறியவர் அவர்.

மாமியும் மாமாவும் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. நான் பிறந்து வளர்ந்த மாடிக் குடியிருப்பில் எங்களுக்கு மேல்வீடு. மாமா மிருதங்கம் வாசித்தார், மாமி வயலின். கிழமை நாட்களில் மாமா பஸ் ஓட்டுவார், மாமி முதியோர் இல்லத்தில் வேலை செய்வார். சனி ஞாயிறில் ஒஸ்லோவிலோ திராமனிலோ எந்தப் பிள்ளைக்கு அரங்கேற்றம் என்றாலும் மேடையில் இவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே இருப்பார்கள். நோர்வேக்கு வந்த புதிதில் இருவரும் வடக்கே ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். அங்கேதான் ஒருவரை ஒருவர் கண்டுகொண்டார்கள். இடைவேளையில் வெறும் மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு மாமா தட்ட, பக்கத்து மேசையிலிருந்த மாமி தன்னை அறியாமல் கையால் தாளம் போட்டாராம். "தாளம் போட்டது பிழையாப் போச்சு, தாலி கட்டிப்போட்டார்" என்று மாமி சிரிப்பார். அந்த ஐஸ் தண்ணிக்குத் தப்பின விரல்கள் என்று தன் கையைத் தூக்கிக் காட்டுவார். அந்த விரல்கள் கடைசியில் ஒரு பார்வைக்குத் தப்பவில்லை.

அது என்னுடைய இசை அரங்கேற்றத்தில் நடந்தது. திராமனில் ஒரு மண்டபம். பட்டுச் சேலையும் பூவுமாக, பாடுகிற நான் நடுவில். பெரிய பாட்டு முடிகிற கட்டத்தில் மாமாவின் தனி ஆவர்த்தனம் தொடங்கியது. அந்த நேரம் மிருதங்கம் மட்டும்தான் பேசும். பாடுகிறவரும் வயலின்காரரும் கையால் தாளத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மாமா என்ன வித்தை காட்டினாலும், கடைசியில் பாட்டுத் தொடங்குகிற அந்த இடத்தில் வந்து இறங்க வேண்டும். அன்றைக்கு மாமா அரை எண்ணிக்கை முந்தி இறங்கிவிட்டார். மனிதர்தானே, தப்பலாம். ஆனால் தப்பியது தெரிந்த அந்த நொடியில் அவர் தலையைத் தூக்கி மாமியை முறைத்தார். தன் தொடையில் ஓங்கித் தட்டி, தன் கணக்கைச் சபைக்குக் கேட்க எண்ணிக் காட்டினார். மாமியின் கை மாறவில்லை, சரியான தாளத்திலேயே நின்றது. பிறகு மாமி என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கையும் அதுவரை மாமியின் கையோடுதான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அரங்கேற்றம் குழம்பக்கூடாது, முன்வரிசையில் அம்மாவும் அப்பாவும், வீடியோக்காரர் வேறு. நான் கையை மாமாவின் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு பேர் ஒரு பக்கம் போனால் மூன்றாமவர் என்ன செய்வார்? மாமியும் மாற்றினார். பாட்டு ஒழுங்காக முடிந்தது. சபை எழுந்து நின்று மாமாவுக்குக் கை தட்டியது. மாமி தாளம் விட்டதாகவும் மாமா பிடித்துத் திருத்தியதாகவும் சாப்பாட்டு வரிசையில் எல்லாரும் கதைத்தார்கள். வீட்டுக்குப் போன மாமி பெட்டியைச் சப்பாத்துத் தட்டின்மேல் வைத்தார். பிறகு திறக்கவில்லை. கேட்டவர்களுக்கு வேலைக் களைப்பு என்று சொன்னார்.

சில வருடங்களுக்குப் பிறகு மாமா என்னைக் கூப்பிட்டார். நகரத்தில் பழைய படங்கள் காட்டும் ஒரு சினிமாவில் பிரெஞ்சுப் படம் ஒன்று, வாத்தியக்காரரின் காதல் கதையாம், மாமியைக் கூட்டிக்கொண்டு போனால் மனம் மாறக்கூடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். படத்துக்குக் கீழே நோர்வே மொழியில் எழுத்து ஓடும். வேலைக்குப் போதுமான மொழி அவர்களிடம் இருந்தது, ஓடுகிற எழுத்தைத் துரத்திப் பிடிக்க அது போதாது. இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் சின்னனிலிருந்து மொழிபெயர்ப்பாளர்கள்தானே. டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், அலுவலகங்களில் என்று பெரியவர்களின் வாயாக இருந்து பழகிய எனக்கு இதுவும் ஒன்றாகத் தெரிந்தது. இருவருக்கும் நடுவில் இருந்து இரண்டு காதுக்கும் குசுகுசுத்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பியானோக்காரன், ஒரு செல்லோக்காரி. ஒரு கச்சேரியில் அவன் வேகம் கூட்டி அவளைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போய்க் கைதட்டு வாங்குகிறான். அவள் வாத்தியத்தை விட்டுவிடுகிறாள். வெகுகாலம் கழித்து அவள் கையுறை விற்கிற கடைக்கு அவன் வருகிறான். கடையில் வேறு யாருமில்லை. அவள் அவன் கையை நாடாவால் அளந்துகொண்டிருக்கும்போது அவன் மன்னிப்புக் கேட்கிறான். அவள் நிமிராமல் சொல்கிற பதிலை நான் மாமியின் காதில் சொன்னேன், பிறகு மாமாவின் காதில் சொன்னேன். "ஆக்கள் இல்லாத இடமாப் பாத்து வந்து மன்னிப்புக் கேக்கிறியள்." மாமாவின் தோள் என் தோளில் முட்டிக்கொண்டிருந்தது. அது மெல்ல விலகியது. மாமி கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். படத்தில் வந்த வசனத்தைத்தான் நான் சொன்னேன். ஆனால் இவர்களிடம் இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கூச்சமாக இருந்தது.

திரும்பி வரும்போது சுரங்க ரயில் வெளிச்சத்துக்கு ஏறிய பிறகுதான் மாமா வாய் திறந்தார்.

"அண்டைக்குப் பிழை விட்டது நான்தானப்பா."

"எனக்குத் தெரியும்" என்றார் மாமி. "தெரிஞ்ச ஆளுக்கு ஏன் சொல்லுறியள்? திராமனிலை கை தட்டின ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன். அடுத்த மேடையிலை சொல்லுறன்."

மாமி ஜன்னலைப் பார்த்தபடி தலையாட்டினார். அன்றிரவு பெட்டியின்மேலிருந்த தொப்பிகளை எல்லாம் எடுத்து உள்ளே வைத்தாராம். இதை மாமாவே சந்தோசமாக என் அம்மாவிடம் வந்து சொன்னார்.

அடுத்த மேடையும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. மாமா சொல்லவில்லை. ஒருநாள் பிரதம விருந்தினர் பிந்திவிட்டார், ஒருநாள் பிள்ளையின் மேடையில் தன் கதை எதற்கு என்றார், ஒருநாள் ஒன்றுமே சொல்லாமல் மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டு போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை. வெட்கம் அவரைப் பிடித்துத் தின்றதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான். நிகழ்ச்சி முடிவில் நன்றியுரைக்கு ஒலிவாங்கி பலமுறை என் கையில்தான் இருந்தது. நான் பல் வைத்தியர். வாயைத் திறவுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறேன். என் வாய் அந்த மேடைகளில் ஒருநாளும் திறக்கவில்லை. மாமி வீட்டுப் பெட்டிக்குத் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

போன குளிர்காலம் மாமா நித்திரையிலேயே போய்விட்டார். நினைவஞ்சலிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. "தாளம் தப்பாத மனுசன்" என்றார் முதலில் பேசியவர். அடுத்தவர் திராமன் கதையையே எடுத்தார். "மேடையிலை கட்டின மனுசியெண்டும் பாக்காமல் பிழையைத் திருத்தினவர், அப்பிடியொரு நேர்மை." சபை ஓம் ஓம் என்று தலையாட்டியது. மாமி முன்வரிசையில் கடதாசிக் கைக்குட்டையை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். அதன்பிறகு தேவாரம் பாட என்னைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றேன். மாமி என்னைப் பார்த்தார், அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. நான் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடினேன். நன்றாகப் பாடியதாக எல்லாரும் சொன்னார்கள்.

போன ஞாயிறு மாமியிடம் போனேன். மாமி தந்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமி, நான் எல்லாருக்கும் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"அவர் இருக்கேக்கை நீ சொல்லியிருந்தா அது எனக்காகச் சொன்னதா இருக்கும் பிள்ளை. இப்ப சொன்னா, செத்த மனுசனிலை குற்றம் சொன்னதாத்தான் முடியும்."

"அப்ப பேர் போடாமல் எழுதட்டோ?"

"பேர் போடாட்டி ஆருக்கு எழுதுறாய்?" என்று மாமி சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடிக்கச் சொன்னார்.

வெளிக்கிடும்போது என் தொப்பியைக் காணவில்லை. மேலங்கிப் பைகளைத் தடவினேன், கதிரைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மாமி விறாந்தை விளக்கைப் போட்டார். தொப்பி வயலின் பெட்டியின்மேல் இருந்தது. உள்ளே வரும்போது நான்தான் வைத்திருக்கிறேன்.